தாய்மொழி என்று ஒரு கட்டம்

பேரென்ன என்று கேட்டேன். அவள் காலைத் தூக்கிக் காட்டினாள்.

முள் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, செம்மண் அப்பிய அந்தக் குதிகாலைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "பேரு, பேரு" என்று மறுபடியும் கேட்டேன். அடுத்த காலையும் தூக்கப் பார்த்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது என்று தெரிந்ததும் அவளே சிரித்துவிட்டாள். எட்டு வயது இருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னையில் கல்லூரி விடுதியில் என் அறையில் ஒரு போபால்காரி இருந்தாள். கால் வலிக்கிறது என்று புலம்பும்போதெல்லாம் 'பைர், பைர்' என்பாள். இந்தப் பிள்ளை நான் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குதிகாலைக் கீழே விடுவதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. ஊரில் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று நாங்கள் பேனர் பிடித்து அலைகிறோம். பிள்ளை இதோ நிற்கிறது.

பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அரசுப் பள்ளிகள் சேர்க்கை ஊர்வலம் போவது வழக்கம். நாகர்கோவிலுக்கு வடக்கே பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், வயலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் அன்றைக்கு மொத்தம் ஒன்பது பிள்ளைகள். பேனரைப் பிடிக்க நாலு பேர், கோஷம் போட நாலு பேர். ஒன்பதாவது பையன் ஒன்றாம் வகுப்பு. அவன் ஓடிவிடாமல் இருக்கத் தலைமையாசிரியை அவன் கையைப் பிடித்திருந்தார். வழியில் பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பேனரு பள்ளிக்கூடத்தவிட நீளமால்லா இருக்கு?" என்றார்.

தலைமையாசிரியை நின்றார். "உம்ம பேரனத் தாரும், அளவு சரியாப் போவும்."

கடைக்காரர் உள்ளே போய்விட்டார். பேரன் அப்போதுதான் வேனில் ஏறிப் போயிருந்தான்.

ஊரில் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். என்னைச் சின்ன டீச்சர். கணக்கில் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குக் காத்திருக்கிறவள் நான். பள்ளி மேலாண்மைக் குழு தற்காலிகமாக வைத்த ஆள். பள்ளியில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வருஷம் கல்வி அலுவலகத்திலிருந்து வாய்ச்சொல்லாக ஒரு செய்தி வந்திருந்தது: ஆகஸ்ட் கணக்கெடுப்பில் பதினைந்து பிள்ளைகளாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு எங்கள் பள்ளியைச் சேர்த்துவிடுவார்கள். லாரிகள் பறக்கிற அந்தச் சாலையை ஒன்றாம் வகுப்புப் பையன் எப்படிக் கடப்பான் என்று செய்தியில் இல்லை. அப்படிச் சேர்த்தால் என் வேலையும் போகும், அதையும் மறைக்கவில்லை.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது ஒன்றும் ரகசியமில்லை. காலை எட்டு மணிக்கு ஊர் முக்கில் நின்றால் மஞ்சள் வேன்களாகப் போகும். ஐந்தாம் வகுப்பு வரை வேன். ஆறாம் வகுப்பு வந்ததும் அதே பெற்றோர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அரசு உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்பார்கள். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால்தானே பின்னால் மருத்துவ சீட்டில் உள்ஒதுக்கீடு, பெண்பிள்ளை என்றால் கல்லூரியில் உதவித்தொகை. அதனால் அங்கே பெஞ்சு போதவில்லை. இங்கே எங்கள் பெஞ்சுகளில் பல்லி முட்டையிடுகிறது. அரசுப் பள்ளி பதினோரு வயதில் நல்லதாம், ஆறு வயதில் கெட்டதாம். இந்தக் கணக்கு எம்.எஸ்ஸி.யில் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நானும் அந்த வேனில் போனவள்தான். வாழைக்குலை வியாபாரம் செய்கிற என் அப்பா அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

"ஏட்டி, ஒன்ன வேன்ல ஏத்தி இங்கிலீசு படிக்க வச்சது, நீ போயி வேனுக்கு எதிரா பேனரு புடிக்கதுக்கா?"

"அங்க படிச்சதுனாலதான் சொல்லுகேன். தமிழ்ல பேசினா முட்டுக்குத்த வச்சாவ."

"முட்டுக்குத்தியும் ஒனக்கு வாய் கொறயலியே."

காலைத் தூக்கிக் காட்டியவள் ஊருக்கு மேற்கே இருக்கிற செங்கல் சூளையைச் சேர்ந்தவள். சூளையில் கல் அறுக்க ஜார்க்கண்டிலிருந்து குடும்பங்கள் வந்து தங்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். சந்தையில் பார்ப்போம், வழி விடுவோம். அவர்களுக்குப் பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள் இருக்கும் என்பது மட்டும் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாளே சூளைக்குப் போனேன். மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர்.

"இவியளுக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? சாரல் புடிச்சா சூளைய நிறுத்திருவோம். வண்டி ஏறிப் போயிருவாவ."

"சாரல் வரைக்கும் படிக்கட்டும்."

"படிச்சு?"

"படிச்சது மழையில கரைஞ்சிருமா? அது என்ன சுடாத பச்சக் கல்லா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு ஒங்கப்பன் வாயிதான்" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

காய்கிற கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சோறு உண்டா? காலையும் உண்டு, மதியமும் உண்டு, முட்டையும் உண்டு என்றேன். மறுநாள் காலை பதினோரு பேரும் வரிசையாக வந்து வாசலில் நின்றார்கள். பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். ஒன்பதும் பதினொன்றும் இருபது.

சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு படிவத்திலும் மளமளவென்று 'இந்தி' என்று எழுதினேன். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வடக்கே இருந்து வந்தால் இந்தி.

சண்டை ஒரு வாரத்தில் வந்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் அம்மா. தையல் மிஷின் வைத்திருக்கிறவர். பலசரக்குக் கடை வாசலில் நாலு பேர் கேட்க என்னை மடக்கினார்.

"சின்ன டீச்சரே, இந்திக்காரப் பிள்ளியளக் கொண்டு நெறச்சு வச்சிருக்கியளாமே? எனக்க மவன் அவியளுக்க கூட இருந்து என்னத்தப் படிப்பான்?"

"அவன் இதுவர யாரு கூட இருந்து படிச்சான் அக்கா? மொத்தம் ஒம்பது பேரு. சுவரு கூடயா?"

"சுவரு பேன் கொண்டு வராது, கேட்டியா? நான் அவன வேன்ல போடப் போறேன்."

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் எங்களிடம்தான். இரண்டு பேர் போனால் இன்னும் இரண்டு பேர் போவார்கள். நான் பதில் சொல்லாமல் வந்தேன். எனக்கு அது பழக்கமில்லாததால் வழியெல்லாம் வாய் அரித்துக்கொண்டே வந்தது.

பேன் இருந்தது உண்மைதான். சனிக்கிழமை சீப்பும் எண்ணெயுமாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து இருபது தலையையும் சீவினேன். ஊர்ப் பிள்ளைகள் தலையிலும் இருந்தது. அதை அக்காவிடம் சொல்லக் காத்திருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் பல் விழுந்தது.

காலைத் தூக்கியவளுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தையல்கார அக்காவின் மகன் தன்னைப் பல் வைத்தியனாக நியமித்துக்கொண்டு, தினமும் இடைவேளையில் அதை ஆட்டிப் பார்த்து நாள் குறித்துக்கொண்டிருந்தான். ஒரு மதியம் அது கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தாள்.

"பல்" என்றாள்.

"அட, தமிழ் வந்துட்டே! ஏலே, நீயா சொல்லிக் குடுத்த?"

"நான் சொல்லிக் குடுக்கல டீச்சர். அவளே சொல்லுகா" என்றான் வைத்தியன்.

எனக்கு ஏதோ தட்டியது. என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். தொண்டைக்குள்ளிருந்து காறி எடுத்தது மாதிரி ஒரு ககரத்தோடு 'ஃகன்' என்றாள். வாயைக் காட்டினேன். 'பை.' மூன்று விரலை நீட்டினேன். 'மூந்த்.' நாலாவது விரல், 'நாஃக்'. நான் அவளைச் சுட்டினேன், அவள் என்னைச் சுட்டி 'நீன்' என்று சொல்லிச் சிரித்தாள், பல் போன ஓட்டை தெரிய. இந்தி எனக்கு எவ்வளவு அரைகுறையாகத் தெரிந்தாலும், இது இந்தி இல்லை என்கிற அளவுக்குத் தெரியும்.

பள்ளிவிட்டதும் அவளுடன் சூளைக்கு நடந்தேன். அவள் அம்மா மண் பிசைந்த கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: இந்தி ரயிலுக்கு, சந்தைக்கு, கூட்டி வருகிற ஆட்களுக்கு. வீட்டில் பேசுவது குடுக். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்கவில்லை. இந்தச் சொல் வேறு யாரையாவது சுட்டிருந்தால் பரவாயில்லை. கல்லூரியில் சேரப் போன அன்று அலுவலகத்தில் இருந்தவர் என் மாவட்டத்தைப் பார்த்தார், நான் பேசியதை ஒரு நிமிஷம் கேட்டார், தாய்மொழி என்கிற கட்டத்தில் 'மலையாளம்' என்று தானாகவே எழுதினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மேசையில் அறைந்து, "சார், தமிழ்நாட்டோட சேரணும்னு சண்டை போட்டுச் சேர்ந்த மாவட்டம் எங்க மாவட்டம். அந்தக் கட்டத்தை அடியுங்க" என்று கத்தி, அடித்து எழுத வைத்துத்தான் நகர்ந்தேன். மூன்று வருஷமும் விடுதியில் என் பெயர் 'சேச்சி'. அப்படிப்பட்ட நான், பேனா கைக்கு வந்ததும், பதினோரு பிள்ளைகளுக்கு அதையே செய்திருந்தேன்.

பெரிய டீச்சரிடம் சொன்னேன். கணினியில் திருத்தலாம் என்று திறந்தால் எங்களுக்கு வந்த பட்டியலில் குடுக் இல்லை. கடைசியில் 'இதர' என்று ஒன்று இருந்தது.

"இதரன்னு போடு மக்கா. நெட்டு போகதுக்குள்ள போடு."

"இதர ஒரு மொழியா டீச்சர்? அவ அம்மா இதரயிலயா தாலாட்டுவா?"

"பட்டியல நானா போட்டேன்? எங்கிட்டச் சாடுக."

கணினியில் 'இதர' போட்டேன், வேறு வழியில்லை. ஆனால் காகிதத்தில் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதே, அதற்குப் பட்டியல் கிடையாது. பதினோரு இடத்திலும் 'இந்தி'யைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'குடுக்' என்று எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் தலைமையாசிரியை சுருக்கொப்பம் வைக்க வேண்டும். "பதினோரு கையெழுத்தா? ஆளக் கொல்லுக நீ" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். ஆனால் ஒன்றுகூட விடவில்லை.

அடுத்த வாரம் தையல்கார அக்கா பள்ளிக்கே வந்துவிட்டார். அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"எனக்க மவனுக்கு என்ன ஆச்சு? காலம்பற இட்லி எத்தனை வேணும்லேன்னா 'மூந்த்'ங்கான். இங்கிலீசு பேச வேண்டிய பய என்ன எளவு பேசுகான்?"

"மூணு இட்லிதான அக்கா கேட்டான். குடுத்தியளா?"

"குடுத்தேன். பொறவு 'நாஃக்'ங்கான். தொண்டையில மீன்முள்ளு குத்திருச்சுன்னு வெள்ளத்தக் குடுத்து முதுகுல அடிச்சேன்."

பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பதிவேடு குலுங்கியது.

எனக்குப் பேசக் கிடைத்துவிட்டது. பல், கண், மூன்று, நீ, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இது இந்தி இல்லை அக்கா, நம்ம தமிழுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்; ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் போய்த் தங்கிவிட்ட சொந்தம் என்றேன். அக்கா வாயைப் பிளந்து கேட்டார். "அப்பம் நமக்கு வேண்டப்பட்ட ஆளா?" என்றார். "வேன்ல போனா ரெண்டு மொழி. இங்க மூணு" என்றேன். "வாய் மட்டும் கொள்ளாம். ஆகஸ்ட் வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லிப் போனார். போகும்போது காலைத் தூக்கியவளின் பாவாடைத் தையல் விட்டிருப்பதைப் பார்த்து, நாளைக்குக் கழற்றிக் கொண்டு வரச் சொன்னார்.

ஜெயித்துவிட்டேன் என்று மிதந்தேன். இரண்டு நாள்தான்.

முக்கில் பொரோட்டா போடுகிறவர் அஸ்ஸாமிலிருந்து வந்தவர். ஊர் முழுக்கப் பரவிய பேச்சு அவர் காதுக்கும் போய், ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை முதலில் மொழியைக் கேட்டேன். அசாமி. உடனே, கேட்கக் கூடாததைக் கேட்டேன்: பல்லைக் காட்டி, இதற்கு என்ன சொல்வாய்? 'தாத்' என்றான். கண்ணுக்கு வேறு ஏதோ. மூன்றுக்கும் வேறு. ஒன்றுகூட ஒட்டவில்லை. எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் எழுந்ததை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். சீ என்றாகிவிட்டது. சொந்தமாக இருந்தால்தான் பெஞ்சில் இடமா? பல்லுக்கு வேறு சொல் இருந்தால் வெளியே நிற்க வேண்டுமா? அக்காவை வளைக்க நான் பிடித்த ஆயுதம் நாளைக்கு இந்தப் பையன் பக்கமே திரும்பும். அன்றிலிருந்து அந்தச் சொந்தக் கதையை யாரிடமும் சிபாரிசாகச் சொல்வதில்லை. வயது ஆறு, ஊரில் இருக்கிறான், அவ்வளவு போதும். அவனையும் சேர்த்து இருபத்தொன்று.

ஜூலை கடைசியில் சாரல் விடாமல் பிடித்தது. அறுத்து வைத்த கல் எல்லாம் தார்ப்பாய்க்குள் போயிற்று. மேஸ்திரி சொன்னது போலவே சூளை நின்றது. கணக்கெடுப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது குடும்பங்கள் மூட்டை கட்டின. ஒரு குடும்பம் மட்டும் வாழைத்தோட்ட வேலைக்குத் தங்கியது. அதில் பிள்ளைகள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் போகிறார்கள், காலைத் தூக்கியவளும்.

ஐந்து நாள். ஐந்தே ஐந்து நாள் இருங்கள் என்று கேட்கலாமா என்று கொட்டகை வாசல் வரைக்கும் போனேன். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே கேட்டார்: நாங்கள் போனால் பள்ளிக்கூடம் போய்விடுமா? உள்ளே தரையெல்லாம் தண்ணீர். மழையில் கூலியும் கிடையாது. இல்லை, போகாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். போகாது என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எட்டுப் பேருக்கும் ஒரு தாள் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தோம்: இவர் எங்கள் பள்ளியில் இன்ன வகுப்பில் படிக்கிறார், சொந்த ஊரில் இருக்கும்வரை அங்குள்ள பள்ளியில் உட்கார வைக்கவும். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. இந்தி எழுத்துக்கு என் போபால்காரியைப் போனில் பிடித்தேன்.

கணக்கெடுக்க அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒன்பது ஊர்ப் பிள்ளைகள், அஸ்ஸாம் பையன், தோட்டத்து மூன்று பேர். பதிமூன்று தலை. வரவில்லை என்று எட்டுப் பேருக்கு நேரே ஒழுங்காகக் குறித்திருந்தது.

"பேரு இருபத்தொண்ணு இருக்கே. மிச்சம் எங்கே?"

"ஊருக்குப் போயிருக்கு" என்றார் பெரிய டீச்சர். "இல்லாத பிள்ளைக்கு வந்ததா நான் எழுத மாட்டேன். வரப்போற பிள்ளையோட பேரையும் அடிக்க மாட்டேன்."

"வருவாங்கன்னு என்ன நிச்சயம்?"

நான் குறுக்கே விழுந்தேன். "வேன்ல போனதுகளும் ஆறாங்கிளாசுக்கு வரும்னு நம்பித்தானே மேடம் உயர்நிலைப் பள்ளியை வச்சிருக்கோம்? இவங்க ரெண்டே மாசத்துல வருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் குறிப்பில் உடனே எதுவும் எழுதவும் இல்லை. சூளை மறுபடி எரிகிறபோது வருகிறேன், அன்றைக்குப் பதினைந்து தலை பெஞ்சில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு தலை. மறுநாளே காலை எட்டு மணிக்கு முக்கில் வேனுக்கு நிற்கிறவர்களிடம் போய் வெட்கம் விட்டுக் கேட்டேன். ஒருவர் மகளின் டையைச் சரிசெய்துகொண்டே, "அந்தச் சூளைப் பிள்ளியள நிப்பாட்டு, பொறவு யோசிக்கலாம்" என்றார். நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படி வருகிற இரண்டு தலை எங்களுக்கு வேண்டாம். எங்கள் இரண்டு தலை ரயிலில் வரும்.

தையல்கார அக்கா பிள்ளைகளை எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் முடிந்துவிட்டதே என்று கேட்டதற்கு, "நீ என்னைய எண்ணிக்கிட்டிருக்கியா?" என்று மட்டும் சொன்னார்.

எந்த நாள், எந்த வண்டி என்று மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு நாகர்கோவில் ஸ்டேஷனில், பொதுப்பெட்டி வந்து நிற்கிற பிளாட்பாரத்தின் நுனியில், சேர்க்கைப் படிவக் கட்டோடு நிற்பேன். அந்தப் பெட்டியிலிருந்து எங்கள் சூளைக்கு மட்டுமா ஆட்கள் இறங்குவார்கள்? வேறு சூளைகளுக்கு, ரப்பர் தோட்டங்களுக்கு, கொட்டாரம் பக்கம் கட்டட வேலைக்கு என்று இறங்குவார்கள், பிள்ளைகளோடு. எந்த ஊருக்குப் போனால் எந்த அரசுப் பள்ளி பக்கம் என்று ஒரு தாள் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பெரிய டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த பள்ளிக்கூடத்துக்கும் நீதான் ஆளு புடிச்சுக் குடுக்கணுமா? நம்ம ரெண்டு தலைய மொதல்ல பாரு" என்றார். பார்ப்பேன். அதையும் பார்ப்பேன், இதையும் கொடுப்பேன்.

அந்தத் தாளில் தமிழ்ப் பக்கமும் இந்திப் பக்கமும் முடிந்தன. அசாமிக்குப் பொரோட்டாக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். குடுக் பக்கம்தான் பாக்கி. நாளைக்கு ஞாயிறு, காலைத் தூக்கியவளின் அம்மா ஊரில் வீட்டில் இருப்பார்; போகும்போதே எண் வாங்கி வைத்திருக்கிறேன். போன் போட்டு, 'உங்கள் பிள்ளைக்கு இங்கே இடம் இருக்கிறது' என்பதை அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.